கோலை இறக்கிய தந்தை

ஆண்டுதோறும் வைகாசி மூலத்தன்று திருஞானசம்பந்த மூர்த்தி நாயனாரின் குருபூசையை நாம் கொண்டாடி வருகின்றோம். சீர்காழித் திருக்குளக்கரையில் அம்மையின் ஞானப்பாலை உண்ட கதையை நம் பிள்ளைகள் மேடையில் நடித்துக் காட்டும்போது, பெற்றார் யாவரும் தத்தம் பிள்ளையைப் படம் பிடிப்பதிலேயே கண்ணாயிருப்பர். பொற்கிண்ணமும் இடப வாகனமும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அக்கதையில் ஒரு கோலும் வருகின்றது என்பதை நினைப்பவர் சிலரே.

குளத்தில் மூழ்கி எழுந்து வந்த சிவபாத இருதயர், தமது மூன்று வயது மைந்தனின் வாயில் பால் வழியக் கண்டார். யாரோ கொடுத்த எச்சிற் பாலை உண்டு விட்டதே என வெகுண்டு, சிறு கோல் ஒன்றை எடுத்து ஓங்கி, தந்தவரைக் காட்டு என்று அதட்டினார் எனச் சேக்கிழார் பெருமான் கூறுகின்றார். பிள்ளை அஞ்சி ஓடவுமில்லை, வாயைத் துடைத்து மறைக்கவுமில்லை. கையை உயர்த்தித் தான் கண்டதைக் காட்டிற்று. ஓங்கிய கோல் பிள்ளைமேல் விழவில்லை. பின்னர் அதே தந்தையார் அப்பிள்ளையைத் தம் தோள்மீது சுமந்து தலயாத்திரை சென்றார்.

நான் சமய நூல்களை முறையாகக் கற்றவன் அல்லன், வைத்தியன். ஆகவே இக்கதையை வாசிக்குந்தோறும் வைத்தியனுக்குரிய ஒரு கேள்வியே எனக்கு எழுகின்றது. அந்தக் கோல் விழுந்திருந்தால் பிள்ளை எதைக் கற்றிருக்கும்? கண்டவர் கொடுத்ததை உண்ணலாகாது என்பதையா, அல்லது அடுத்த முறை வாயைத் துடைத்துக்கொண்டு வரவேண்டும் என்பதையா? நம் சங்கத்துப் பெற்றார் சிலர் பூசை முடிந்து பிரசாதத்துக்கு நிற்கும்போது என்னிடம் கேட்பதுண்டு: "டொக்டர், இஞ்சத்தைப் பிள்ளையளுக்குப் பயமே இல்லை. பயமில்லாட்டி நல்லது கெட்டது எப்பிடித் தெரியும்?" கேள்வி நியாயமானதே. பிரசாத வரிசையில் நின்று விடை சொல்ல முடியாததால் இங்கே எழுதுகின்றேன்.

முதலில் குழந்தை எப்போது தன்னைத்தான் அறிகின்றது என்று பார்ப்போம். குழந்தையின் மூக்கிலே அதற்குத் தெரியாமல் ஒரு சிவப்புப் பொட்டை வைத்துக் கண்ணாடி முன் நிறுத்தும் பரிசோதனையொன்று 1972 இல் அமெரிக்காவிலே வெளியாயிற்று. ஒரு வயதுக் குழந்தை கண்ணாடிக்குள் இருப்பது வேறொரு பிள்ளையென எண்ணிச் சிரிக்கும். ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் ஒருநாள் அது தன் மூக்கைத் தொடுகின்றது. நம் வீடுகளில் நாள்தோறும் பொட்டு வைத்துக் கண்ணாடி காட்டுகின்றோம், ஆனால் எந்த நாளில் அந்தக் கை மூக்குக்குப் போயிற்று என்று கவனித்தவர் நம்மில் எத்தனை பேர்? அந்த நாளுக்குப் பின்புதான் நாணம் பிறக்கின்றது. கோப்பையை உடைத்த பிள்ளை முகத்தைத் தாயின் மடியிற் புதைக்கின்றது. விழுந்த பிள்ளை அழுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுமுன் தாயின் முகத்தைப் பார்க்கின்றது.

ஐந்து வயதுவரை பிள்ளைகள் தம்மைப்பற்றித் தாராளமாகவே மதிப்பிடுவர். உலகிலேயே வேகமாக ஓடுபவன் தானே என்பான் சிறுவன். அவனைவிட வேகமாக ஓடுபவன் பக்கத்தில் நின்றாலும் அந்த எண்ணம் மாறாது. ஏழு, எட்டு வயதளவில் இது மாறுகின்றது. அப்போதுதான் பிள்ளை தன்னை மற்றவரோடு ஒப்பிட்டுத் தனக்குத் தானே புள்ளி போடத் தொடங்குகின்றது. மற்றவர் கண்ணில் தான் எப்படித் தோன்றுகின்றேன் என்று மனிதன் எண்ணுகின்றானோ, அந்த எண்ணத்திலிருந்தே தன்னைப்பற்றிய உருவத்தைக் கட்டுகின்றான் என்று சார்ள்ஸ் கூலி என்ற அமெரிக்க அறிஞர் 1902 இல் எழுதினார். அதைக் கண்ணாடிக்கே ஒப்பிட்டார். பிள்ளையின் முதற் கண்ணாடி பெற்றாரின் முகம். அடுத்தது பள்ளிக்கூடம்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லப் புகுந்தால் நமது திண்ணைப் பள்ளிகளில் இருந்தே தொடங்க வேண்டும். மணலிலே விரலால் எழுத்துப் பழகிய அந்தப் பள்ளிகளில், மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து அவர்களை மேய்த்தும் வந்தான். அடியும் இருந்தது. விட்டத்திலே கயிறு கட்டிப் பையனைத் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனையைப் பழைய தமிழறிஞர் பலர் தம் இளமை நினைவுகளிற் சொல்லியிருக்கின்றனர். இதைப் பெருமையாகச் சொல்லும் முதியவர்களையும் நான் கண்டிருக்கின்றேன். கோதண்டத்தில் தொங்கிப் பின் படிப்பையே விட்டுவிட்டவர்கள் நினைவுக் குறிப்பு எழுதவில்லை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

1787 இல் சென்னைக்கு வந்த அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொத்லாந்துப் பாதிரியார், 1789 முதல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தைப் பொறுப்பேற்று நடத்தினார். ஒருநாள் அயலில் இருந்த தமிழ்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதைத் தம் இல்லத்திலும் புகுத்தினார். அவருடைய ஆசிரியர்கள் அதை விரும்பாததால் மூத்த பையன்களையே இளையவர்களுக்குக் கற்பிக்கவைத்தார். பெல் பிரம்பை வெறுத்தவர். குற்றம் செய்தவனின் பெயரைக் கறுப்புப் புத்தகமொன்றிற் பதிந்து, வாரமொரு முறை பையன்களையே நீதிபதிகளாக இருத்தி விசாரிக்கச் செய்தார். இந்த முறையை விளக்கி 1797 இல் இலண்டனில் நூலும் வெளியிட்டார்.

இலண்டனிலே யோசப் லங்காஸ்ரர் என்பவரும் இதுபோன்ற பள்ளிகளை நடத்தினார். அவரும் அடியை விரும்பவில்லை. ஆனால் அடிக்குப் பதிலாக அவர் கண்டுபிடித்தவற்றைக் கேளுங்கள்! குற்றஞ் செய்த பையனின் கழுத்திலே மரக்கட்டை மாட்டப்பட்டது. சிலரைக் கூடையில் இருத்தி எல்லோரும் அண்ணாந்து பார்க்கும்படி கூரையிலே தொங்கவிட்டனர். சரியான விடைக்கு ஓர் இடம் மேலே, பிழையான விடைக்கு ஓர் இடம் கீழே என வாங்குகளில் பிள்ளைகள் நாள் முழுதும் நகர்ந்துகொண்டேயிருந்தனர். உடம்பில் தழும்பு இல்லை. மனத்தைப் பற்றி அக்காலத்தில் யாரும் குறிப்பேடு வைத்திருக்கவில்லை.

இப்போது நாம் வாழும் நாட்டுக்கு வருவோம். டென்மார்க்கிலே ஆறாம் பிரெடெரிக் மன்னர் 1814 இல் ஏழாண்டுக் கல்வியைக் கட்டாயமாக்கினார். அக்காலத்து ஒழுங்குவிதியில் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குச் சிறு சுள்ளிக்கட்டு, அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு முடிச்சில்லாத மெல்லிய கயிறு என அடிக்கும் கருவி கூட வரையறுக்கப்பட்டிருந்தது. முடிச்சில்லாத கயிறு என்று எழுதிய அதிகாரி இரக்கமுள்ளவராகத்தான் தம்மை எண்ணியிருப்பார். பிள்ளைகள் பெருகினர், ஆசிரியர் போதவில்லை. ஆகவே 1820 களில் பெல், லங்காஸ்ரர் முறை மன்னரின் ஆதரவோடு இந்நாட்டின் மிகப் பல பாடசாலைகளுக்குப் பரவிற்று. எண்ணிப் பாருங்கள். சென்னை மணலில் எழுதிய நம் பிள்ளைகளின் வழக்கத்திலிருந்து முளைத்த ஒரு முறை, நாம் இங்கு அகதிகளாக வந்து இறங்குவதற்கு ஏறக்குறைய நூற்று அறுபது ஆண்டுகள் முன்னதாகவே இங்கே வந்து சேர்ந்துவிட்டது. மணலோடு சட்டாம்பிள்ளையும் வந்தான்.

அதே 1820 களில், இம்முறையோடு தொடர்பில்லாத ஓர் இலத்தீன் பாடசாலையிலே, சிறுவர்களுக்கு நடுவே நெடிய பையன் ஒருவன் இருந்தான். ஓடென்சே நகரத்துச் சப்பாத்துத் தொழிலாளி ஒருவரின் மகன், பெயர் ஹான்ஸ் கிறிஸ்ரியன் அன்டர்சன். தந்தை வறியவர், ஆயினும் மகனுக்குக் கதைகள் வாசித்துக் காட்டியவர், விளையாட்டு நாடக மேடை செய்து கொடுத்தவர். அவர் 1816 இல் இறந்துவிட, 14 வயதில் மகன் தனியே கொப்பன்ஹேகனுக்குப் போனான். 1822 இல், 17 வயதில், யோனாஸ் கொலின் என்ற பெரியவரின் உதவியால் சிலாகெல்ச நகரத்துப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டான். அங்கே தலைமையாசிரியராயிருந்த சீமொன் மைஸ்லிங் அவனை எல்லோர் முன்னிலும் மடையன் என்று எள்ளி நகையாடி வந்தார். 1827 இல் கொலின் அவனை அங்கிருந்து விடுவித்தார். அன்டர்சன் உலகப் புகழ் பெற்று அரண்மனைகளில் விருந்துண்டவர். அப்படியிருந்தும் முதுமையில் எழுதிய நாட்குறிப்புகளில், தாம் மீண்டும் மைஸ்லிங் முன் மாணவனாக நிற்பதாகக் கனவு கண்டு துன்புற்றதைப் பதிந்திருக்கின்றார். மைஸ்லிங் அதற்குப் பல்லாண்டுகள் முன்பே இறந்துவிட்டார். அன்டர்சனின் மனத்துக்குள் அவர் வாடகை கொடுக்காமல் ஐம்பதாண்டு குடியிருந்தார்.

இவ்வகைப் பள்ளிகளை எதிர்த்து எழுதியவர்களில் முக்கியமானவர் குருண்ட்விக் என்னும் டேனிஷ் பாதிரியார். பரீட்சையும் மனனமும் பிள்ளையின் உயிரை உறிஞ்சுகின்றன என்பது அவரது கட்சி. அவரது எண்ணத்தைப் பின்பற்றி 1844 இல் றொடிங் என்னுமிடத்தில் முதலாவது மக்கள் உயர்பள்ளி திறக்கப்பட்டது. இன்றும் இந்நாட்டு அரச பாடசாலையில் எட்டாம் வகுப்புக்கு முன் புள்ளியிடுவதில்லை என்பதற்கு அந்த மரபும் ஒரு காரணம்.

இங்கேதான் நமக்குச் சிக்கல் வருகின்றது. ஊரிலே தவணைக்கொரு முறை றிப்போட் வரும். அதில் பாடங்களின் புள்ளிகளைப் பார்க்குமுன் அடியிலே எழுதிய இலக்கத்தைத்தான் பார்ப்பார்கள். "எத்தனையாம் பிள்ளை?" என்பதே அயலவரின் முதற் கேள்வி. இங்கே பெற்றார் சந்திப்புக்குப் போன நம் தந்தையொருவர் அதே கேள்வியை மொழிபெயர்த்துக் கேட்டார். ஆசிரியைக்குக் கேள்வியே விளங்கவில்லை. பிள்ளை மகிழ்ச்சியாக இருக்கின்றான், நண்பர்கள் இருக்கின்றனர், கை உயர்த்திப் பேசப் பழகுகின்றான் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். தந்தை வீட்டுக்கு வந்து மனைவியிடம், "பெடியன் கடைசிப் பிள்ளை போலக் கிடக்கு, அவ சொல்லாமல் மறைக்கிறா" என்றாராம். நாம் சிரிக்கலாம். ஆனால் அந்த எட்டு வயதுப் பிள்ளை இரண்டு கண்ணாடிகளுக்கு இடையில் நிற்கின்றது. ஒன்றில் அவன் நல்ல தோழன். மற்றதில் அவன் இன்னாருடைய மகனைவிடக் குறைந்தவன்.

அடியைப் பற்றிய சட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லி விடுகின்றேன். ஐந்தாம் கிறிஸ்ரியன் மன்னரின் 1683 ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டுத் தலைவன் தன் பிள்ளைகளையும் வேலையாட்களையும் தடியால் அடித்துத் திருத்தலாம், ஆயுதத்தால் அடிக்கலாகாது என்றது. பாடசாலைகளில் அடிப்பது 1967 இல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. பெற்றாருக்கு இருந்த அடிக்கும் உரிமை 1997 இல்தான் நீக்கப்பட்டது. அதுவும் பாராளுமன்றத்திலே கடும் வாதத்துக்குப் பின்னர். ஆகவே டேனிஷ்காரர் பிறப்பிலேயே பிள்ளைகளை அடிக்காதவர்கள் என்று எண்ணுவது பிழை. 1997 இல் நம்மவரிற் பலர் ஏற்கெனவே இங்கு வந்து பத்தாண்டு கழிந்திருந்தது. அடித்தால் கொம்யூன் பிள்ளையைக் கொண்டு போய்விடும் என்ற பேச்சு வீட்டுக்கு வீடு பரவிற்று. பிரம்பு போயிற்று. ஆனால் அதை விட்டது சட்டத்துக்குப் பயந்து என்பதால், பிரம்பு செய்த வேலையை நாக்கு ஏற்றுக்கொண்டது. "சனம் என்ன கதைக்கும்?", "அவையின்ர பிள்ளையைப் பார்", "உன்னை இதுக்கே இஞ்ச கொண்டு வந்தனான்?" லங்காஸ்ரரின் கூடை நம் வரவேற்பறைகளில் தொங்குகின்றது. நானும் அதைத் தொங்கவிட்டவன்தான், என் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

இவ்விடயத்தை இருபதாம் நூற்றாண்டிலே ஆழமாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் டென்மார்க்கோடு தொடர்புடையவர் என்பது நம்மிற் பலருக்குத் தெரியாது. எரிக் எரிக்சன், கூலியின் நூல் வெளிவந்த அதே 1902 இல் யேர்மனியில் பிராங்பேர்ட் நகரில் பிறந்தார். தாயார் கார்லா ஆப்ரஹாம்சன் கொப்பன்ஹேகனின் யூதக் குடும்பமொன்றைச் சேர்ந்தவர். பிள்ளையின் தந்தை யார் என்பது வெளியிற் சொல்லப்படவில்லை. பிள்ளைக்கு மூன்று வயதானபோது தாயார் ஹோம்பேர்கர் என்ற குழந்தை வைத்தியரை மணந்தார். அவரே உன் தந்தை என்று பிள்ளைக்குச் சொல்லி வளர்த்தனர். அன்பினாலேதான் அப்படிச் செய்தனர். ஆனால் பிள்ளை நெடியவனாக, பொன்னிற முடியும் நீலக் கண்ணுமாக வளர்ந்தான். யூத ஆலயத்தில் பிள்ளைகள் அவனை அந்நியன் என்று கேலி செய்தனர். பாடசாலையில் யூதன் என்று கேலி செய்தனர். வீட்டிலோ எதையோ மறைக்கின்றனர் என்பது அவனுக்குப் புலப்பட்டது, எதையென்று தெரியவில்லை.

வளர்ந்தபின் வியன்னாவில் அன்னா பிராய்டிடம் பயின்று, 1933 இல் மனைவி மக்களோடு கொப்பன்ஹேகனுக்கு வந்து டேனிஷ் குடியுரிமை பெற முயன்றார். கிடைக்கவில்லை. நம்மிற் பலர் காத்து நின்ற அதே கதவில் அவரும் நின்றார் என்று சொல்லலாம். அமெரிக்காவுக்குப் போய் 1939 இல் அந்நாட்டுக் குடிமகனானபோது எரிக்சன் என்று தமக்குத் தாமே பெயர் வைத்துக்கொண்டார். 1950 இல் வெளிவந்த அவரது நூல், பிள்ளைப் பருவமும் சமூகமும் என்னும் பொருள் பற்றியது.

அதிலே அவர் சொன்ன ஒன்று நம் பெற்றாரின் கேள்விக்கு நேரான விடையாகும். இரண்டு, மூன்று வயதில் பிள்ளை தானே நடக்க, தானே உண்ண, தானே மறுக்கப் பழகுகின்றது. அப்போது அளவுக்கு மிஞ்சி வெட்கப்படுத்தினால் பிள்ளை ஒழுக்கமுள்ளதாவதில்லை. யாரும் காணாமற் செய்து தப்பிக்கொள்ள வேண்டும் என்ற உறுதியே அதற்குள் வளர்கின்றது. நாலு, ஐந்து வயதில் வெட்கத்தின் பக்கத்தில் குற்றவுணர்வு வந்து சேர்கின்றது. வெட்கத்துக்குப் பார்ப்பவர் வேண்டும், குற்றவுணர்வுக்கு வேண்டியதில்லை. பள்ளிப் பருவத்திலே தன்னால் ஒன்றைச் செய்து முடிக்க முடியும் என்ற நம்பிக்கையோ, தாழ்வு மனப்பான்மையோ வேர் கொள்கின்றது. இந்த வயதுக் கணக்குகளில் திருத்தம் சொன்ன ஆய்வாளர் பின்னர் பலர் வந்தனர். பயத்தால் வரும் அடக்கமும் மனச்சாட்சியும் வேறு வேறு என்ற அடிப்படை மட்டும் அசையவில்லை.

எரிக்சன் 1969 இல் வெளியிட்ட இன்னொரு நூல் மகாத்மா காந்தியைப் பற்றியது. அதற்குப் புலிற்சர் பரிசும் கிடைத்தது. காந்தியடிகள் தம் சுயசரிதையிற் சொல்லும் ஒரு சம்பவத்தை நாம் பாடப்புத்தகத்திலே படித்திருக்கின்றோம், ஆனால் பிள்ளைகளின் கண்ணால் படித்தோம். பெற்றாரின் கண்ணால் மீண்டும் பார்க்க வேண்டும்.

ராஜ்கோட்டில் 15 வயதுப் பையனாயிருந்த மோகன்தாஸ், அண்ணனின் கடனைத் தீர்ப்பதற்காக அண்ணனுடைய தங்கக் காப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தான். கடன் தீர்ந்தது, மனம் ஆறவில்லை. தந்தையிடம் நேரிற் சொல்ல நா எழவில்லை. அடிப்பார் என்ற பயமல்ல, தந்தை எங்களில் யாரையும் அடித்ததாக நினைவில்லை என்கின்றார் காந்தி. தந்தைக்கு ஏற்படப்போகும் வேதனையை எண்ணியே அஞ்சினான். குற்றத்தை ஒரு தாளிலே எழுதி, தக்க தண்டனை தரும்படியும், தம்மைத் தாமே வருத்திக்கொள்ள வேண்டாமென்றும் கேட்டு, நோயுற்றுப் பலகைக் கட்டிலிற் கிடந்த தந்தையின் கையிற் கொடுத்தான். கரம்சந்த் காந்தி எழுந்திருந்து வாசித்தார். கண்ணீர் வழிந்து தாளை நனைத்தது. சற்றுநேரம் கண்களை மூடியிருந்தார், தாளைக் கிழித்தார், மீண்டும் படுத்துக்கொண்டார். மகனும் அழுதான்.

இத்தந்தை சாந்த சொரூபி அல்லர். முன்கோபக்காரர் என்று மகனே எழுதியிருக்கின்றார். தலையிலடித்துக்கொண்டு ஏசுவார் என்றே மகன் எதிர்பார்த்தான். அப்படி ஏசியிருந்தால் பையன் தந்தையின் கோபத்தோடு வாதாடத் தொடங்கியிருப்பான், தன் குற்றத்தோடு வாதாடியிருக்க மாட்டான். ஏசப்படும் பிள்ளையின் மூளைக்கு ஏசுபவரின் முகத்தைக் கவனிப்பதைத் தவிர வேறு வேலைக்கு நேரமில்லை. வைத்தியத்தில் இதை நாம் இதயத் துடிப்பிலும் வியர்வையிலும் கண்ணாரக் காண்கின்றோம்.

ஆயினும் கதை இத்தோடு முடிந்ததென்று எழுதினால் நான் பொய் சொன்னவனாவேன். 1885 இல் தந்தை இறந்த இரவு, கால் பிடித்துவிடும் பணியைச் சிறிய தந்தையாரிடம் விட்டு மனைவியின் அறைக்குப் போயிருந்தார் காந்தி. சில நிமிடங்களில் மரணச் செய்தி வந்தது. அந்த வெட்கத்தை நாற்பது ஆண்டுகளின் பின்னும் ஆறாத கறையென்று எழுதினார். அன்பான தந்தையின் பிள்ளைக்கும் உள்ளேயிருக்கும் நீதிபதி கொடியவனாகலாம். அந்நீதிபதி பின்னர் காந்தியின் மூத்த மகன் ஹரிலால்மீதும் தீர்ப்பு வழங்கினான். ஹரிலால் இங்கிலாந்து சென்று படிக்க விரும்பினார். உதவிப் பணம் வந்தபோது தந்தை அதைத் தம் மகனுக்கு அளிக்காமல் பிறருக்கு அளித்தார். பொதுப்பணியிலே நேர்மை அது. மகனின் கண்ணுக்கு அது எவ்வாறு தோன்றியிருக்கும்? ஹரிலால் 1911 இல் தந்தையை விட்டுப் பிரிந்தார், குடிக்கு அடிமையானார், தந்தை சுடப்பட்ட அதே 1948 இல் சில மாதங்களின் பின் பம்பாயில் மாண்டார். எரிக்சன் தமது நூலின் நடுவே, காலஞ்சென்ற மகாத்மாவுக்கே கடிதம் எழுதுவதுபோல ஒரு பகுதி எழுதி, சொந்த வீட்டாரிடம் காட்டிய கடுமையை நேராகக் கேட்கின்றார். மகாத்மாவைக் குறை சொல்ல நமக்கு என்ன தகுதி என்பாருண்டு. எனக்குத் தகுதியில்லை. ஆனால் தம் பிழைகளை அச்சிட்டு உலகத்தின் கையிற் கொடுத்தவர் அவரேயன்றோ?

எரிக்சனின் சொந்த வீட்டிலும் ஒரு மறைப்பு நடந்தது. 1944 இல் அவருக்கு டவுன் குறைபாட்டோடு ஒரு மகன் பிறந்தான். அக்கால வழக்கப்படி குழந்தை நிலையமொன்றில் விடப்பட்டது. பிறந்தவுடன் இறந்துவிட்டதாகவே மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. மறைப்பினால் தாம் பட்ட துன்பத்தை நூல் நூலாக எழுதியவர் அவர்! மகள் பின்னாளில் இதை எழுதியபோதுதான் வாசித்து நெடுநேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன். பெரியவர்கள் சொல்லாமல் விட்ட இடத்தைப் பிள்ளைகள் வெறுமையாக விடுவதில்லை. தங்களிடம் இருக்கும் விளக்கத்தால் அதை நிரப்புகின்றனர். பெரும்பாலும் அந்த விளக்கம், பிழை என்னுடையது என்பதே.

நம் சமூகத்திலே இதற்கு ஒரு காலகட்டம் உண்டு. 1983 இன் பின் தனியே வந்து சேர்ந்த தந்தையர் பலர் மனைவி மக்களை அழைக்க விண்ணப்பித்துக் காத்திருந்தனர். 1987 இல் அப்போதைய நீதி அமைச்சர் எரிக் நின் ஹான்சன், தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைக் கிடப்பிற் போடச் செய்தார். அது சட்டத்துக்கு மாறானது. 1993 ஜனவரியில் விசாரணை அறிக்கை வெளிவந்து சுலூற்றர் அரசாங்கமே பதவி விலகிற்று. 1995 இல் அமைச்சருக்கு நிபந்தனையோடு கூடிய நாலு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. தமிழர் வழக்கு என்று டேனிஷ் சரித்திரப் புத்தகங்களில் இருப்பது இதுவே. அமைச்சர்கள், நீதிபதிகள் ஆகியோரின் பெயர்கள் அப்புத்தகங்களில் உள்ளன. யாழ்ப்பாணத்து வீடுகளில் தபாற்காரனைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் என்ன எண்ணினர் என்பது அவற்றில் இல்லை.

அவர்களில் ஒருவன் நான். அப்பா 1986 இல் இங்கு வந்தார். எனக்கு அப்போது 12 வயது. அடுத்த ஆண்டு நான் வகுப்பில் மூன்றாம் பிள்ளையிலிருந்து பதினாலாம் பிள்ளையானேன். அம்மா அந்த றிப்போட்டைக் கடிதத்தோடு வைத்து அப்பாவுக்கு அனுப்பினார். பின்பு ஒக்ரோபரில் சண்டை தொடங்கிற்று, தபால் நின்றது. மாதக்கணக்காய்ப் பதில் இல்லை. அப்பா எங்களைக் கூப்பிடாமல் இருப்பது அந்தப் பதினாலினால்தான் என்று நான் தீர்மானித்துக்கொண்டேன். 13 வயதுப் பையனுக்குப் போரும் தபாலும் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். இரவிலே படுக்கும்போது அவை நினைவுக்கு வருவதில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை. 1990 இல் நாங்கள் வந்து சேர்ந்தபின் விமான நிலையத்தில் அப்பா என்னைத் தழுவியபோதும், மருத்துவக் கல்லூரிக்கு இடம் கிடைத்தபோதும், அந்தப் பதினாலு உள்ளே இருந்துகொண்டேயிருந்தது.

என் மூத்த மகள் பாடசாலையிலே ஒரு பரிசோதனைத் தாளை என்னிடம் காட்டாமல் படுக்கையின் கீழ் ஒளித்து வைத்திருந்ததைக் கண்ட கிழமையில்தான் இதை அப்பாவிடம் சொன்னேன். எனக்கு அப்போது நாற்பது வயது தாண்டியிருந்தது. அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து போய், பழைய பிஸ்கற் தகரப்பெட்டியொன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அரசாங்கத்துக்கு எழுதிய மனுக்களின் பிரதிகள், பதில்கள், அம்மாவின் நீலநிற வான்கடிதங்கள். அவற்றின் அடியிலே நாலாய் மடித்தபடி என் றிப்போட்.

"தமிழ்ல 78, கணக்கில 61" என்றார் அப்பா, தாளைத் திறக்காமலே. "தொழிற்சாலையில எல்லாருக்கும் காட்டினனான். எத்தனையாம் பிள்ளை எண்டு டேனிஷ்காரனுக்கு விளங்கேல்லை. நானும் விளங்கப்படுத்தேல்லை."